நாள்பட்ட இடுப்பு வலிக்குப் பேலன்ஸ் பயிற்சியும் அசைவுப் பயிற்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பயிற்சி யாருக்கு?

கடைசி விலா எலும்புக்குக் கீழே, புட்டத்துக்கு மேலே 12 வாரங்களுக்கு மேலாக வலி இருப்பவர்களுக்கு. வலி தினமும் இருந்தாலும் சரி, மாதம் இரண்டு முறை வந்து ஆளைச் சாய்த்துவிட்டுப் போனாலும் சரி. இவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு எலும்பு முறிவு, தொற்று, கட்டி என்று கைகாட்டும்படியான ஒரு காரணம் அகப்படுவதில்லை. "பயப்பட ஒன்றுமில்லை" என்று டாக்டர் சொன்னால் வலி பொய் என்று பொருளில்லை. அறுத்துச் சரிசெய்ய வேண்டிய கோளாறு இல்லை, உடம்பைப் பழக்கித்தான் சரிசெய்ய வேண்டும் என்று பொருள்.

உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்பு வலிக்கு 2023 டிசம்பரில் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. முறையாக அமைத்த உடற்பயிற்சியும் வலியைப் பற்றிய விளக்கமும் அதில் பரிந்துரைக்கப்பட்டிருக்கின்றன. இடுப்பு பெல்ட், டிராக்ஷன் (எடை கட்டி முதுகை இழுப்பது), ஓபியாய்டு வகை (அபின் சார்ந்த) வலி மாத்திரை மூன்றும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாதவற்றின் பட்டியலில் இருக்கின்றன.

எந்த அறிகுறி இருந்தால் பயிற்சியைத் தொடங்கவே கூடாது?

சிறுநீர் கழிக்க முடியாமல் போவது, சிறுநீரோ மலமோ தெரியாமல் போவது, தொடை இடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போவது, இரண்டு கால்களும் சேர்ந்து பலமிழப்பது. இவற்றில் ஒன்று புதிதாக வந்தாலும் அன்றே, அந்த நேரமே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். முதுகுத்தண்டின் அடிப்பகுதி நரம்புக் கற்றை நசுங்குவதன் அடையாளம் இது. நாள் தள்ளினால் சேதம் நிரந்தரமாகலாம்.

பாதத்தை மேலே தூக்க முடியாமல் செருப்பு தரையில் உரசுவது, காய்ச்சலோடு வரும் முதுகு வலி, காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் வந்திருப்பது, கீழே விழுந்த பிறகு தொடங்கிய வலி, நெடுநாள் ஸ்டீராய்டு எடுப்பது ஆகியவை இருந்தால் முதலில் டாக்டர், பிறகுதான் பயிற்சி.

இடுப்பு வலிக்கும் பேலன்ஸுக்கும் என்ன சம்பந்தம்?

நேராக நிற்பதற்கு மூளை மூன்று இடங்களிலிருந்து தகவல் வாங்குகிறது. கண், உள்காது, அடுத்தது தசையும் மூட்டும் பாதத்தின் தோலும். முதுகுத் தசைக்குள்ளேயே நீட்சியை அளக்கும் நுண்ணிய உணர்வுறுப்புகள் இருக்கின்றன. கண்ணை மூடினாலும் முதுகு எவ்வளவு வளைந்திருக்கிறது என்று நமக்குத் தெரிவது அவற்றால்தான். நெடுநாள் வலி இருக்கும் பலருக்கு இந்தத் தகவல் மங்கிவிடுகிறது. ஒரு நிலைக்கு முதுகைக் கொண்டுபோய், மறுபடி அதே நிலைக்கு வரச் சொன்னால் இடம் தப்புகிறது. அதை ஈடுகட்ட அவர்கள் கணுக்காலையே அதிகம் நம்பி நிற்கிறார்கள். கெட்டியான தரையில் இது தெரியாது. மெத்தை மேலோ மணலிலோ நின்றால் கணுக்கால் தரும் தகவலும் குழம்பிப்போய் ஆட்டம் கூடும்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. வலிக்குப் பயந்து வயிற்றுத் தசையும் முதுகுத் தசையும் ஒரே நேரத்தில் இறுகிக்கொள்கின்றன. முதல் சில நாட்களுக்கு அது நல்ல காவல்தான். மாதக்கணக்கில் தொடர்ந்தால் நடு உடம்பு ஒரே கட்டையாகிவிடும். பேருந்து லேசாகக் குலுங்கினால், இறுக்கமில்லாத முதுகு தானே சிறிது வளைந்து அதை வாங்கிக்கொள்ளும். இறுகிய முதுகுக்காரர் முழு உடம்போடும் ஆடித்தான் சமாளிக்கிறார். மாலையில் "ஒன்றுமே செய்யவில்லை, ஆனாலும் முதுகு அசந்துபோகிறது" என்கிறார்கள். நாள் முழுக்கத் தசை வேலை செய்துகொண்டுதான் இருந்தது.

ஆகவே இந்தப் பயிற்சியில் தசையைப் பெரிதாக்குவது இரண்டாம் வேலை. இறுக்கத்தை எங்கே விடலாம், எப்போது பிடிக்கலாம் என்று முதுகுக்கு மறுபடி கற்றுக்கொடுப்பதே முதல் வேலை.

மற்ற உடற்பயிற்சிகளைவிட இது சிறந்ததா?

வலி குறைவதை மட்டும் அளந்தால், அப்படிச் சொல்ல ஆதாரமில்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2021 ஆய்வுத் தொகுப்பு 249 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. எதுவும் செய்யாமல் இருப்பதோடும் வழக்கமான சிகிச்சையோடும் ஒப்பிட்டால் உடற்பயிற்சியால் வலி 100-க்குச் சராசரியாக 15 புள்ளி குறைந்தது. இது நல்ல பலன், மந்திரமில்லை. விழுந்துவிடுவோமோ என்ற பயம் உள்ளவர்களுக்கும், குனியப் பயப்படுகிறவர்களுக்கும், ஜிம்முக்குப் போனாலே வலி கூடுகிறவர்களுக்கும் இது நல்ல நுழைவாயில். ஏற்கெனவே வேறு பயிற்சி செய்து பலன் காண்கிறவர்கள் அதை விட்டுவிட்டு இதற்கு மாற வேண்டியதில்லை.

எம்.ஆர்.ஐ-யில் டிஸ்க் (முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ள மெத்தை போன்ற வட்டு) பிதுங்கியிருக்கிறது, தேய்ந்திருக்கிறது என்று வந்திருக்கிறது. செய்யலாமா?

மேலே சொன்ன அபாய அறிகுறிகள் இல்லையென்றால் பெரும்பாலும் செய்யலாம். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வுகளின் தொகுப்பு ஒன்று 2015-இல் வந்தது. 20 வயதில் 37 சதவீதம் பேருக்கும், 80 வயதில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் இருந்தது. பிதுக்கம் 20 வயதில் 30 சதவீதம், 80 வயதில் 84 சதவீதம். தலைமுடி நரைப்பதுபோல முதுகிலும் வயது தெரியும். ரிப்போர்ட்டில் உள்ள சொற்களை மட்டும் வைத்து ஒரு அசைவை வாழ்நாள் முழுக்க ஒதுக்கிவைக்க வேண்டாம். கால் வரை இறங்கும் வலியோ மதமதப்போ இருந்தால் மட்டும் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் நேரில் பார்த்து, எந்தத் திசை அசைவில் அது குறைகிறது என்று கண்டுபிடித்த பிறகு தொடங்குங்கள்.

தொடங்குமுன் எதை அளந்து வைக்க வேண்டும்?

நான்கு எண்கள் போதும். ஒரு தாளில் தேதியோடு எழுதி வையுங்கள்.

1. கண் திறந்தபடி ஒற்றைக்காலில் எத்தனை நொடி? கை இடுப்பில். தூக்கிய கால் மற்றதைத் தொடக் கூடாது. 45 நொடியில் நிறுத்தலாம். இரண்டு காலுக்கும் மூன்று மூன்று முறை.
2. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து 30 நொடியில் எத்தனை தடவை எழுந்து உட்கார முடிகிறது?
3. வலி கூடாமல் எத்தனை நிமிடம் நடக்க முடிகிறது?
4. கடந்த ஒரு வாரத்தின் சராசரி வலி, 10-க்கு எத்தனை?

ஒற்றைக்கால் சோதனையில் 40 வயதுக்குள் உள்ளவர்களின் சராசரி சுமார் 43 நொடி. அறுபதுகளில் சுமார் 27, எழுபதுகளில் சுமார் 15. ஐந்து நொடிகூட நிற்க முடியாத முதியவர்களுக்குக் கீழே விழுந்து அடிபடும் வாய்ப்பு கூடுதல் என்பதால், அவர்கள் தனியாகப் பழக வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டால் இளைஞர்களே சராசரியாகப் பத்து நொடிக்குள் காலை ஊன்றிவிடுவார்கள். அது குறை என்று நினைத்துவிட வேண்டாம்.

வலது காலுக்கும் இடது காலுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். மோசமான காலுக்கு ஒரு சுற்று கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும்.

என்னென்ன பொருள் வேண்டும்?

சக்கரமில்லாத கனமான நாற்காலி, சுவரின் ஒரு மூலை, ஒன்றரை மீட்டர் நீளக் கம்பு (துடைப்பக் கைப்பிடியே போதும்), ஒரு துண்டு, நொடி காட்டும் கடிகாரம். மூலைக்கு முதுகு காட்டி நின்று, நாற்காலியை முன்னால் போட்டுக்கொண்டால் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பிடிக்க ஏதாவது இருக்கும். வெறுங்காலோடு செய்வது நல்லது. சாக்ஸ் மட்டும் போட்டுக்கொண்டு வழவழப்பான தரையில் செய்ய வேண்டாம்.

முதல் இரண்டு வாரம் என்ன செய்வது?

படுத்தபடி தொடங்குங்கள். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, பாதத்தைத் தரையில் வையுங்கள். அடிவயிற்றின் மேல் ஒரு கடிகார முகப்பு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். தொப்புள் பக்கம் 12, கீழே 6, இரு பக்கமும் 3, 9. 12-ஐ நோக்கி இடுப்பெலும்பைச் சாய்த்தால் முதுகுப் பள்ளம் தரையில் படியும். 6-ஐ நோக்கிச் சாய்த்தால் பள்ளம் எழும்பும். இப்படி 10 முறை. பிறகு 3-க்கும் 9-க்கும் 10 முறை. கடைசியில் மெதுவாக வட்டம், இரண்டு திசையிலும் ஐந்து ஐந்து.

இதில் வழக்கமாக வரும் பிழை மூன்று. பாதத்தால் தரையை உந்தி இடுப்பைத் தூக்கிவிடுவது, புட்டத்தை இறுக்கிக்கொள்வது, மூச்சை அடக்குவது. அசைவு சிறியதாகவும் சோம்பலாகவும் இருக்க வேண்டும். வட்டத்தில் ஏதாவது ஒரு மணியில், பெரும்பாலும் 4-க்கோ 8-க்கோ பக்கத்தில், தாண்டிக் குதிப்பதுபோல இருக்கும். முதுகு மறந்துபோன இடம் அது. வலிந்து தள்ளாமல் அந்த இடத்தை இன்னும் மெதுவாகக் கடந்து பாருங்கள்.

அடுத்தது நின்றபடி எடை மாற்றுவது. பாதங்களை இடுப்பகலத்தில் வைத்து, உடம்பின் எடையைக் குதிகாலிலிருந்து முன்பாதத்துக்கும், வலதிலிருந்து இடதுக்கும் நகர்த்துங்கள். எந்த விரலும் தரையை விடக் கூடாது. ஒரு திசைக்கு ஒரு நிமிடம். பிறகு ஒரு பாதத்தின் குதிகாலை மற்றதன் கட்டை விரலுக்குப் பக்கத்தில் வைத்து அரைவரிசையில் 30 நொடி. பின்பு ஒன்றன் முன் ஒன்றாக, குதிகால் விரல்நுனியைத் தொடும்படி 30 நொடி.

மொத்தம் 10 முதல் 15 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் செய்வதைவிட நாளுக்கு இரண்டு முறை ஏழு நிமிடம் செய்வது மேல். களைத்துப்போன பிறகு உடம்பு கற்றுக்கொள்வது பழைய இறுக்கத்தைத்தான்.

குனிவதை எப்படிப் பழகுவது?

முதலில் ஒரு சொல் சிக்கல். இடுப்பு என்றால் நாம் பெல்ட் கட்டும் இடத்தைத் தொடுகிறோம். "இடுப்பை மடக்கிக் குனி" என்றால் அந்த இடமே மடிகிறது. பாரம் தூக்கும்போது பெரும்பகுதி மடிய வேண்டியது அதற்கு ஒரு சாண் கீழே, தொடை உடம்போடு சேரும் இடம். உட்கார்ந்தால் கால்சட்டையில் சுருக்கம் விழுமே, அந்தக் கோடு. இரண்டு கைகளின் விளிம்பையும் அந்தக் கோட்டில் வைத்துக்கொண்டு குனிந்து பாருங்கள். கை நசுங்கினால் சரியான இடம் மடிகிறது.

பிறகு கம்பு. கம்பை முதுகுக்குப் பின்னால் செங்குத்தாக வைத்து, ஒரு கையைக் கழுத்துக்குப் பின்னாலும் மற்றதை இடுப்புப் பள்ளத்துக்குப் பின்னாலும் கொண்டுபோய்ப் பிடியுங்கள். பின்மண்டை, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே, வால் எலும்பின் மேல் என்று மூன்று இடத்திலும் கம்பு தொட வேண்டும். சுவருக்கு முதுகு காட்டி 15 செ.மீ. தள்ளி நில்லுங்கள். முழங்காலைச் சற்றுத் தளர்த்தி, புட்டத்தால் சுவரைத் தொடுங்கள். உடம்பு தானாக முன்னால் சாயும். பாதத்தை அழுத்தித் திரும்ப எழுந்திருங்கள். 8 முறை. சுலபமானால் இன்னும் 3 செ.மீ. முன்னால் நகர்ந்து நில்லுங்கள்.

பின்மண்டை கம்பை விட்டுவிட்டால் தலை முன்னால் போய்விட்டது. வால் எலும்பு விட்டால் முதுகு வளைந்துவிட்டது, அவ்வளவு ஆழம் இப்போதைக்கு வேண்டாம். மூன்றும் தொட்டுக்கொண்டிருந்தும் தொடையின் முன்பக்கம் எரிந்தால் முழங்காலை அதிகமாக மடக்கி உட்காரப் போகிறீர்கள் என்று அர்த்தம். தொடையின் பின்பக்கம் இழுபட்டால் சரி.

அப்படியானால் முதுகை வளைத்துக் குனியவே கூடாதா?

கூடும். கூடாது என்று சொல்லிச் சொல்லியே பலரைக் கட்டையாக்கிவிட்டோம். கம்புப் பயிற்சி நன்றாகப் பிடிபட்ட பிறகு, சுமார் நான்காவது வாரத்திலிருந்து, நாற்காலியில் உட்கார்ந்து முதுகை ஒவ்வொரு கணுவாக வளைத்து, கையைத் தொடையிலிருந்து முழங்காலுக்கும், பிறகு கெண்டைக்காலுக்கும் வழுக்கி இறக்குங்கள். மூச்சை விட்டபடி இறங்கி, தொடையைக் கையால் தள்ளி எழுந்திருங்கள். 5 முறையில் தொடங்கி 10. ஒரு வாரம் கழித்து நின்றபடி, பாரமில்லாமல். செருப்பு வார் மாட்ட முதுகு வளையத்தான் வேண்டும். பயிற்சியில் அதைத் தவிர்த்தால் வீட்டில் பயந்துகொண்டேதான் வளைப்பீர்கள். எலும்பு அடர்த்தி குறைந்தவர்களுக்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) இது பொருந்தாது. அவர்களுக்கானது பின்னால் வருகிறது.

ஒற்றைக்காலில் நிற்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

காலைத் தூக்குவதற்கு முன்பே பாதி வேலை நடந்துவிடுகிறது. வலது காலில் நிற்கப்போகிறீர்கள் என்றால் முதலில் எடையை மெதுவாக வலதுக்குக் கொண்டுபோங்கள், இடது குதிகால் தானாக இலேசாகும் வரை. பிறகுதான் தூக்க வேண்டும். எடை போகுமுன் காலை வெடுக்கென்று தூக்குகிறவர்கள், விழாமலிருக்க உடம்பை ஒரு பக்கம் வெட்டி இழுக்கிறார்கள். அந்த வெட்டுதான் முதுகில் குத்துகிறது.

ஊன்றிய பாதத்தைப் பாருங்கள். கட்டை விரலின் அடி, சுண்டு விரலின் அடி, குதிகால் என்று மூன்று புள்ளிகளும் தரையில் இருக்க வேண்டும். விரல்கள் தரையைப் பிறாண்டக் கூடாது. கணுக்கால் இடைவிடாமல் துடித்துக்கொண்டிருக்கும். அது நல்லது, அதுதான் பேலன்ஸ். அசையாமல் நிற்க முயலாதீர்கள். அசையாமல் நிற்க முயல்கிறவர் பல்லைக் கடிப்பார், மூச்சை நிறுத்துவார், தோள் காதுக்கு ஏறும். இதைப் பிடிக்க எளிய வழி, நிற்கும்போது ஒன்றிலிருந்து இருபது வரை சத்தமாக எண்ணுவது. எண்ணும் குரல் எங்கே நின்றுபோகிறதோ அங்கே மூச்சு அடைபட்டுவிட்டது.

இடுப்பின் தூக்கிய பக்கம் கீழே சரிகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். சரிந்தால் ஊன்றிய பக்கத்துப் புட்டத்தின் வெளித்தசை வேலை செய்யவில்லை. ஒரு விரலை நாற்காலியின் முதுகில் வைத்துக்கொண்டு, சரியாமல் நிற்கும் நேரத்தை மட்டும் கணக்கில் எடுங்கள். 20 நொடி, ஒவ்வொரு காலுக்கும் 3 முறை.

எப்போது, எப்படிக் கடினமாக்குவது?

30 நொடி, பேச்சும் மூச்சும் தடைபடாமல், தொடர்ந்து இரண்டு நாள் முடிந்தால் ஒரு படி ஏறலாம். ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கையை எடுப்பது, தலையை இடமும் வலமும் திருப்புவது, தூக்கிய காலால் முன், பக்கம், பின் என்று தரையைத் தொட்டு வருவது, ஒரு புத்தகத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றுவது, மடித்த துண்டின் மேல் நிற்பது, கண்ணை மூடுவது என்ற வரிசை பெரும்பாலானோருக்கு ஒத்துவரும். துண்டின் மேல் ஏறிக் கண்ணையும் மூடினால் மூன்று வழியில் இரண்டு வழித் தகவலை ஒரே நாளில் பிடுங்கிவிடுகிறீர்கள். முதுகு உடனே பழைய கட்டையாகிவிடும். கடினமாக்கியதால் ஆட்டம் கூடினால் பரவாயில்லை. இறுக்கம் கூடினால் ஒரு படி இறங்குங்கள்.

நான்காம் வாரம் முதல் 100-இலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துச் சொல்லிக்கொண்டே நின்று பாருங்கள். தெருவில் யாரும் பேலன்ஸைப் பற்றி யோசித்துக்கொண்டு நடப்பதில்லையே.

கையும் முழங்காலும் ஊன்றிச் செய்யும் பயிற்சி அவசியமா?

இருப்பதில் பயனுள்ள ஒன்று, ஆனால் அவசரப்பட்டுக் கெடுக்கப்படுவதும் இதுதான். தோளுக்கு நேர் கீழே கை, தொடைமூட்டுக்கு நேர் கீழே முழங்கால். இடது காலைத் தரையோடு உரசியபடி பின்னால் நீட்டுங்கள். முதல் வாரம் அது போதும். பிறகு பாதத்தைத் தரையை விட்டுச் சிறிதளவு தூக்கி, வலது கையை முன்னால் நீட்டுங்கள். 5 நொடி பிடித்துத் திரும்புங்கள். போகப் போக 10 நொடி. அதற்கு மேல் வேண்டாம், எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளலாம். முதல் சுற்று 6, அடுத்தது 4, கடைசி 2 என்று இறங்கு வரிசையில் செய்தால் களைப்பில் வடிவம் கெடாது.

காலைப் புட்டத்தைவிட உயரத் தூக்குவதே பெரிய பிழை. தூக்கும் கடைசிச் சில சென்டிமீட்டர் தொடைமூட்டிலிருந்து வருவதில்லை, இடுப்புப் பள்ளத்தை நசுக்கித்தான் வருகிறது. பாதி தண்ணீர் உள்ள பிளாஸ்டிக் கிண்ணத்தை முதுகுப் பள்ளத்தில் வைத்துச் செய்து பாருங்கள். எந்த நொடியில் சிந்துகிறது என்பதிலேயே பிழை தெரிந்துவிடும்.

எந்நேரமும் வயிற்றை உள்ளே இழுத்துப் பிடிக்க வேண்டுமா?

வேண்டாம். கனமான பொருளைத் தூக்கும் அந்த நொடியில் வயிற்றைச் சுற்றிலும் இலேசாக, முழு பலத்தில் பத்தில் ஒரு பங்கு இறுக்கினால் போதும். யாரோ விளையாட்டாக வயிற்றில் தட்ட வருவதுபோல. தட்டிவிட்டுப் போன பிறகு விட்டுவிட வேண்டும். ஏற்கெனவே இறுகிக் கிடப்பவர்களுக்கு "கோர் தசையை (நடு உடம்புத் தசையை) இறுக்கிப் பிடி" என்று பாடம் எடுப்பது எரிகிற தீயில் எண்ணெய்.

பயிற்சியின்போது எவ்வளவு வலி வரலாம்?

10-க்கு 3 வரை வந்தால் தொடரலாம். 4, 5 என்றால் அசைவைச் சிறியதாக்கியோ எண்ணிக்கையைப் பாதியாக்கியோ செய்யுங்கள். அதற்கு மேல் போனால் அன்றைக்கு அந்தப் பயிற்சியை நிறுத்துங்கள். இன்னும் முக்கியமான அளவுகோல் மறுநாள். 24 மணி நேரத்துக்குள் வலி பழைய அளவுக்கு வந்துவிட்டால் அளவு சரி. வராவிட்டால் அடுத்த முறை மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

வலி எங்கே போகிறது என்பதையும் பாருங்கள். காலில் இருந்த வலி மேலேறி இடுப்புக்கு வந்தால், இடுப்பில் சற்றுக் கூடினாலும் நல்ல அறிகுறி. இடுப்பில் இருந்தது புட்டம், தொடை, கெண்டைக்கால் என்று கீழே இறங்கினால் அந்த அசைவை நிறுத்திவிட்டுப் பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.

நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, திடீரென்று பிடித்துக்கொண்டது. என்ன செய்வது?

பெரும்பாலும் இரண்டு காரணம். வலி குறைந்த மகிழ்ச்சியில் ஒரே நாளில் வீடு முழுக்க ஒழுங்குபடுத்தியது, அல்லது தூக்கமில்லாத, மன அழுத்தமான வாரம். இரண்டிலும் பெரும்பாலும் டிஸ்க் நழுவியிருக்காது. படுக்கையில் கிடப்பதை ஒரு நாளுக்கு மேல் நீட்டாதீர்கள். கடிகாரப் பயிற்சிக்குத் திரும்புங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஐந்து நிமிடம் நடங்கள், ஒற்றைக்காலுக்குப் பதிலாக அரைவரிசையில் நில்லுங்கள். மூன்று நான்கு நாளில் இளகத் தொடங்கும். பிறகு விட்ட இடத்தில் தொடங்காமல் இரண்டு படி கீழேயிருந்து ஏறுங்கள்.

காலையில் எழுந்தவுடன் செய்யலாமா?

கடிகாரப் பயிற்சி செய்யலாம். குனியும் பயிற்சியை முதல் ஒரு மணி நேரம் தள்ளிவைப்பது நல்லது. இரவில் படுத்திருக்கும்போது டிஸ்க்குகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். அதனால்தான் காலையில் நாம் மாலையைவிட ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயரம். அந்த நிலையில் குனியும்போது டிஸ்க்குக்கும் தசைநார்களுக்கும் அழுத்தம் கூடுதல்.

பெரிய பந்து, பேலன்ஸ் போர்டு வாங்கலாமா?

முதல் எட்டு வாரம் தேவையில்லை. பந்தின் மேல் உட்கார்ந்து அலுவலக வேலை பார்ப்பதால் முதுகு குணமாகாது, சீக்கிரம் களைக்கும். ஆடும் பலகை கணுக்காலைத்தான் அதிகம் பழக்குகிறது. நாம் ஏற்கெனவே அளவுக்கு மீறி நம்பியிருக்கும் உறுப்பு அது. பிறகு சுவாரசியத்துக்காக வாங்கினால் தடையில்லை.

தினமும் நடக்கிறேன். அது போதாதா?

நடப்பதை விடவே விடாதீர்கள். 2024-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், இடுப்பு வலி வந்து குணமான 701 பேரில் ஒரு பகுதியினருக்குப் படிப்படியான நடைத் திட்டமும் விளக்கமும் கொடுத்தார்கள். வலி திரும்பி வர அவர்களுக்கு நடுமதிப்பாக 208 நாள் ஆனது. எந்தத் திட்டமும் இல்லாதவர்களுக்கு 112 நாள். ஆனால் நேர்கோட்டில் நடப்பதில் முதுகு திரும்புவதும் வளைவதும் மிகக் குறைவு. நடையின் நடுவே ஒரு நிமிடம் தலையைத் திருப்பித் திருப்பியும், ஒரு நிமிடம் ஒரே கோட்டில் அடிமேல் அடியாகவும் நடந்தால் இரண்டும் சேர்ந்துவிடும். கை விறைத்து உடம்போடு ஒட்டியிருந்தால் தளர்த்தி வீசுங்கள்.

கண்ணை மூடினால் தலை சுற்றுகிறது.

ஆடுவது வேறு, சுற்றுவது வேறு. அறையே சுழல்வதுபோல இருந்தாலோ, படுக்கையில் புரளும்போது சுற்றினாலோ உள்காது காரணமாக இருக்கலாம். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை கண் மூடும் படியைத் தொட வேண்டாம். எழுந்து நின்றதும் கண் இருட்டினால் ரத்த அழுத்தத்தையும் சாப்பிடும் மாத்திரைகளையும் பார்க்கச் சொல்லுங்கள்.

வயதானவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள் எதை மாற்ற வேண்டும்?

சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு மூன்று வழித் தகவலில் ஒன்று ஏற்கெனவே குறைவு. கண்ணை மூடுவது, மெத்தை மேல் நிற்பது இரண்டும் வேண்டாம். வெறுங்காலும் வேண்டாம், அடி தட்டையான மூடிய காலணி போட்டுக்கொள்ளுங்கள். முடித்ததும் பாதத்தில் கொப்புளமோ சிவப்போ இருக்கிறதா என்று பாருங்கள், கைக்கெட்டாவிட்டால் கண்ணாடி வைத்து.

எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள் முதுகை வளைத்துக் குனிவது, குனிந்தபடி திரும்புவது, மல்லாந்து படுத்து உடம்பைத் தூக்குவது மூன்றையும் தவிர்க்க வேண்டும். முள்ளெலும்பின் முன்பக்கம் நசுங்கும் அபாயம் அதில்தான். கம்புப் பயிற்சியும் ஒற்றைக்காலும் அவர்களுக்கு ஏற்றவை.

கொஞ்ச தூரம் நடந்தால் கால் கனத்து, உட்கார்ந்தாலோ முன்னால் சாய்ந்தாலோ சரியாகிறவர்களுக்கு நரம்புப் பாதை குறுகியிருக்கலாம். முதுகைப் பின்னால் வளைக்கும் எதுவும் அவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது. தள்ளுவண்டியைப் பிடித்து நடப்பதுபோலச் சற்று முன்சாய்ந்து பழகலாம். முதுகில் ஸ்குரூ வைத்து அறுவை செய்தவர்கள் எதையும் தொடங்குமுன் அறுவை செய்த டாக்டரைக் கேட்க வேண்டும்.

எத்தனை நாளில் பலன் தெரியும்? எப்போது நிறுத்தலாம்?

நிற்கும் நொடிகள் முதலில் கூடும், பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில். வலி அதற்குப் பின்னால்தான் நகரும். ஆறு முதல் எட்டு வாரம் வரை பொறுத்துப் பாருங்கள். இடையில் வலியின் எண் மாறாமலே செருப்பு மாட்டுவது சுலபமாகியிருக்கும், காரிலிருந்து இறங்கும்போது கதவைப் பிடிக்காமல் இறங்கியிருப்பீர்கள். அந்தத் தாளில் அதையும் எழுதுங்கள்.

நான்கு வாரத்துக்கு ஒரு முறை நான்கு எண்களையும் மறுபடி அளக்க வேண்டும். 12 வாரம் ஒழுங்காகச் செய்தும் நான்கில் ஒன்றுகூட அசையவில்லை என்றால் அளவோ வகையோ பொருந்தவில்லை. பிசியோதெரபிஸ்டிடம் தாளோடு போய்க் காட்டுங்கள். அசைந்திருந்தால் வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறைத்துக்கொள்ளலாம். ஒற்றைக்காலை மட்டும் தினமும் பல் துலக்கும் இரண்டு நிமிடத்தில் சேர்த்துவிடுங்கள், வலது காலில் ஒன்று, இடது காலில் ஒன்று. குளியலறைத் தரை ஈரமாக இருந்தால் அன்றைக்குக் கதவுக்கு வெளியே நின்று துலக்குங்கள்.